வளைந்து ஓடும் நேர்க்கோடு

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் படிக்கும் மதுரைப் பிள்ளைகளுக்குச் சாய்வு என்றதும் யானைமலை நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. ஆனால் சாய்வைப் புரிந்துகொள்ள அந்த மலையைவிட அதைச் சுற்றிக் கிடக்கும் சமவெளியே பொருத்தமானது என்பேன். மதுரை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வைகை போகும் திசையில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரம். அங்கே தரை கடல் மட்டத்தை நெருங்கிவிடுகிறது. இறங்கிய உயரத்தைக் கடந்த தொலைவால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். இந்த வகுத்தலுக்குத்தான் சாய்வு என்று பெயர்; இறக்கமாதலால் முன்னால் ஒரு கழித்தல் குறி. கோணமாகச் சொன்னால் ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு. கண் இதைச் சமதளம் என்றே சொல்லும், தண்ணீர் ஏமாறாது. உள்ளபடி வரைந்தால் ஒரு மீட்டர் நீளக் கோடு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. அதனால் பொறியாளர்கள், தொலைவோடு உயரம் மாறுவதைக் காட்டும் நெடுக்குவெட்டுப் படத்தில் தொலைவுக்கு ஓர் அளவுத்திட்டமும் உயரத்துக்கு அதைவிடப் பெரிய ஒன்றும் வைப்பார்கள். படத்தில் கோடு செங்குத்தாக விழுவதுபோலத் தோன்றும், எண்ணோ அதேதான். கோட்டின் தோற்றத்தைப் பார்த்துச் சாய்வை மதிப்பிடும் பழக்கம் இங்கே உதவாது.

இந்தச் சாய்வின் பயனை ஒரு கால்வாயில் பார்க்கலாம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே போன நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியது. அந்த நீர் பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே கள்ளந்திரி, மேலூர்ப் பக்கம் போகிறது. இப்படியொரு கால்வாய் வேலை செய்வதன் சூட்சுமம் இரண்டு நேர்க்கோடுகளில் அடங்கும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். தலைமதகில் தரை 150 மீட்டர் உயரம், கால்வாயின் அடித்தளம் 148. தரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது, கால்வாய்க்கு விட்ட வாட்டம் 20 சென்டிமீட்டர்தான். தரையின் உயரம் 150-இலிருந்து தொலைவைக் கழித்தது. கால்வாயின் உயரம் 148-இலிருந்து தொலைவில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தது. இவையே அவ்விரு கோடுகளின் சமன்பாடுகள். 150-உம் 148-உம் வெட்டுத்துண்டுகள். இரண்டையும் சமப்படுத்தினால் 2.5 கிலோமீட்டர். அதுவரை மண்ணை வெட்டித்தான் நீரைக் கொண்டுபோக வேண்டும். அதற்கப்பால் கால்வாய் தரைக்கு மேலே, கரை கட்டி ஓடும். மடையைத் திறந்தால் வயலுக்கு நீர் தானே இறங்கும். பாசனம் பெறும் ஆயக்கட்டு எங்கே தொடங்கும் என்பதை, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஏறத்தாழச் சொல்லிவிடுகிறது.

சமன்பாடு இல்லாமலே இந்தச் சீமையில் கண்மாய்கள் வெட்டப்படவில்லையா என்று கேட்கலாம். வெட்டப்பட்டன, அருமையாகவே. மேல் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும் அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கட்டலாம், மழைக்கு மழை நீரின் போக்கைப் பார்த்துத் திருத்தலாம். நெடுங்கால்வாய்க்கு அந்த வசதி கிடையாது. பல இடங்களில் ஒரே சமயத்தில் வெட்ட வேண்டுமானால், இத்தனையாவது கிலோமீட்டரில் அடித்தளம் இத்தனை மீட்டர் என்று மண்வெட்டி விழுமுன்பே தெரிந்திருக்க வேண்டும். தொலைவைச் சொன்னால் உயரத்தைச் சொல்வதுதானே சமன்பாட்டின் வேலை!

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது: வரைபடத்தில் கால்வாய் பாம்பாக நெளிகிறது, அதில் நேர்க்கோடு எங்கே? நெடுக்குவெட்டில் கிடை அச்சு கிழக்கையோ மேற்கையோ குறிப்பதில்லை; கால்வாயோடே அளந்து சென்ற தொலைவைக் குறிக்கிறது. அந்த அச்சில் பார்த்தால் கோடு நேராக இருக்கும். நேராக இருப்பதற்காகவே கால்வாய் தரையில் மேட்டைச் சுற்றிப் போகிறது, பள்ளத்துக்கு ஒதுங்குகிறது. சுற்றவும் வழியில்லாமல் தரை சட்டென இறங்கும் இடத்தில் வாட்டத்தைக் கூட்டினால் நீரின் வேகம் மண்ணை அரித்துவிடும். அங்கே படிபோலக் கல்லால் கட்டி, நீரை ஓரிடத்திலேயே கீழே விழவிட்டு, பழைய வாட்டத்திலேயே மறுபடி ஓடவிடுகிறார்கள். சாய்வு மாறவில்லை, வெட்டுத்துண்டு மட்டும் குறைந்தது. புத்தகத்தில் இணைகோடுகள் என்று படிப்பது இதைத்தான்.