பாஸ் ஆனால் போதுமா?

சென்னையை அடுத்த சேக்காட்டிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ நர்ஸிங், லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்படியாவது பாஸ் பண்ணிடு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்." கடன் வாங்கி ஃபீஸ் கட்டிய குடும்பத்தின் கவலை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பறையிலும் அதையே சொன்னால், அன்பாகத் தோன்றும் அந்தச் சொல் மாணவரின் எல்லையைத் தாழ்வாக வரைந்துவிடுகிறது. அப்படித் தாழ்வாக வரைந்த எல்லையைத் தாண்டிய கதை ஒன்று உண்டு. சேக்காட்டை ஒட்டி ஓடும் ரயில் பாதையில் போய்க் காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்கே 1918-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றார்கள். வந்தவை 151. தேர்வு நெருங்கியபோது, மாணவிகள் தோற்றால் மனம் தளர வேண்டாம் என்று மருத்துவத் துறை அதிகாரியே முன்கூட்டி ஆறுதல் சொன்னார். ஆண்கள் எழுதிய அதே தேர்வைத்தான் அவர்களும் எழுதினார்கள். எழுதிய 14 பேரும் தேறினார்கள்.

அவர்கள் அத்தனை விண்ணப்பங்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், எல்லோருக்கும் அது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் கடினமான குறி வைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், மரக்கட்டை ஏற்றும் லாரி டிரைவர்களிடம் "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்றபோது, சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏறியது. 94 சதவீதம் என்று கடினமான குறியை வைத்ததும், சில மாதங்களில் அது 90-ஐத் தொட்டது. "முடிந்தவரை" என்ற சொல்லுக்கு அளவில்லை. எங்கே நின்றாலும் அதுவே முடிந்தவரை ஆகிவிடுகிறது.

நோயாளி மரக்கட்டை அல்ல என்பதும் உண்மை. எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதை நம் சுகாதாரத் துறையே கண்டிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் இத்தனை பேர் என்று மேலிருந்து டார்கெட் வந்த காலத்தில், களப் பணியாளர்கள் மேல் அழுத்தம் ஏறியது. பொய்க் கணக்கும் சேர்ந்தது. 1996-இல் மத்திய அரசே அந்த டார்கெட்டுகளைக் கைவிட்டது. என் பார்வையில் இந்த அனுபவம் உயர்ந்த இலக்குகளுக்கு எதிரான சாட்சி அல்ல. திணித்த எண்ணுக்கும், கற்பவர் தானே ஏற்றுக்கொண்ட குறிக்கும் உள்ள தூரத்தையே அது காட்டுகிறது. புதிதாகவும் சிக்கலாகவும் உள்ள வேலையில், விளைவை எண்ணும் குறியைவிடக் கற்றலைக் குறிக்கும் குறியே நல்ல பலன் தருகிறது என்று லேதமும் அவருடைய சகாக்களும் பின்னர் கண்டார்கள். "இந்த வாரம் ஐம்பது பேருக்கு பிரஷர் பார்" என்றால் எண் நிரம்பும். "அளவு தவறாக வர என்னென்ன காரணம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் திருத்திக் காட்டு" என்றால் கை பழகும்: கையில் கட்டும் பட்டை சிறிதாக இருந்தாலோ, கை இதயத்துக்குக் கீழே தொங்கினாலோ அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதை அறியாத மாணவர், இல்லாத நோய்க்கு ஒருவரை மாத்திரை தின்ன வைக்கக்கூடும்.

ஏற்கெனவே டியூட்டியில் களைத்த பிள்ளையை மேலும் நெருக்கலாமா? வெறுமனே குறியை உயர்த்திவிட்டுப் போனால் அது கொடுமைதான். லாக்கும் லேதமும் இதற்கு நிபந்தனைகள் சொல்கிறார்கள்: அந்த வேலைக்கான அடிப்படைத் திறன் வேண்டும், குறியில் அவருக்கே பற்று வேண்டும், எங்கே நிற்கிறோம் என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். ஆகவே முதலில் மாற வேண்டியது பயிற்சி நிலையம்தான். தானே குறி வைத்த மாணவரின் பயிற்சிப் பதிவேட்டில் முதல் வாரம் தவறுகளே அதிகம் இருக்கும். அதற்கு மதிப்பெண் குறைத்தால் அடுத்த வாரம் தவறுகள் காணாமல் போகும், பதிவேட்டில் மட்டும். பக்கத்தில் நின்று பட்டையைச் சரியாகக் கட்டிக் காட்ட ஓர் ஆசிரியருக்கு வார்டில் நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.