கால் நகம் பிளக்கிறதா? சேற்றில் இறங்குவோர் கவனிக்க வேண்டியவை

நடவு முடிந்து கரையேறி, வாய்க்காலில் காலைக் கழுவும்போது ஒரு நிமிடம் நின்று உங்கள் கால் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். நுனியில் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கிறதா? நடுவில் நீளவாக்கில் கீறல் விழுந்து, போர்வையிலும் சேலையிலும் மாட்டி இழுக்கிறதா? ஓரம் மஞ்சளாகித் தடித்து, சுரண்டினால் மாவாக உதிர்கிறதா? நெல்லில் நாலு இலை மஞ்சளானால் அன்றைக்கே பறித்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்கு ஓடுகிறோம். காலில் நகம் வருடக்கணக்கில் பிளந்து கிடந்தாலும், "சேத்துல நிக்கிற காலு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? பிளந்த நகத்தைச் சுற்றியுள்ள தோலில் சிறு காயங்கள் இருந்துகொண்டே இருக்கும். எலி சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைய அந்தச் சிறு காயம் போதும். சாணமும் மண்ணும் படுகிற காலில் இரணஜன்னி அபாயமும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு நகத்தில் தொடங்கிய சீழ் விரலை எடுக்கும் அளவுக்குப் போவது ஊர்தோறும் நாம் கண்டதுதான்.

ஏன் பிளக்கிறது?

மாட்டின் கொம்பும் குளம்பும் எதனால் ஆனதோ, நம் நகமும் அதனால்தான் ஆனது. கெரட்டின் என்ற புரதம், மெல்லிய அடுக்குகளாக ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் நின்றால் நகம் நீரை உறிஞ்சி ஊதும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். காலையில் நாற்றங்காலில் ஊறி, மதியம் வரப்பில் காய்ந்து, பிற்பகல் மறுபடி தொழியில் ஊறி, இரவு துணி துவைக்கும் சோப்புத் தண்ணீரிலும் நின்றால், அடுக்குகளுக்கு இடையே உள்ள பிடிப்பு தளர்ந்துவிடும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பலகை ஒட்டு விடுவதைப் போலத்தான். நடவுக் காலத்தில் பெண்களுக்கு இது அதிகம் தெரிவதற்குக் காரணம், வயலிலும் வீட்டிலுமாக அவர்கள் கால் ஈரத்தில் இருக்கும் நேரம் அதிகம் என்பதே.

அடுத்தது அடி. வரப்பில் கல் தட்டுவது, அண்டை வெட்டும்போது மண்வெட்டி படுவது, மாடு மிதிப்பது. நகம் உருவாகும் இடம் நகக்கண்ணுக்கு உள்ளே, தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பலமாக அடிபட்டு வடு விழுந்தால், அதன் பிறகு முளைக்கும் நகம் எப்போதும் அந்த இடத்தில் பிளவோடுதான் வரும். இருபது வருடத்துக்கு முன் பட்ட அடிக்கு இன்றைக்கு எண்ணெய் தடவிப் பயனில்லை. வெட்டிச் சீராக வைத்துக்கொள்வதுதான் வழி. வலி இருந்தால் அறுவை மருத்துவரிடம் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு காரணம், மருந்து தெளிப்பு. பாராகுவாட் களைக்கொல்லி, கைத்தெளிப்பான் ஒழுகி அடிக்கடி நகத்தில் பட்டால், நகம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக மாறிப் பிளந்து கழன்றே விழுந்துவிடும். மருந்து கலக்கும் கைவிரல்களிலும், ஒழுகல் சொட்டும் காலிலும் இதைப் பார்க்கலாம். தெளிப்பவருக்கு நகம் கெட்டிருக்கிறது என்றால் முதலில் தெளிப்பானின் வாஷரையும் ஹோஸ் இணைப்பையும் பாருங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டு, கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே திணித்தால் வழிகிற மருந்து நேராக பூட்ஸுக்குள் இறங்கும்.

உடம்பின் உள்ளே இருக்கும் குறையும் நகத்தில் தெரியும். இரத்தசோகை முற்றினால் நகம் மெலிந்து, நடுவில் கரண்டி போலக் குழியும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் நகம் நொறுங்கும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஊசியால் குத்தியதுபோல் நகத்தில் சிறு குழிகள் விழும். வயதானால் நகம் மெதுவாக வளர்ந்து தடிக்கும். பீடி, சிகரெட்டால் கால் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் நகம் பிளந்தாலே சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குவது வீண் செலவு. நகத்தில் கால்சியம் மிகக் குறைவு. அதன் உறுதி புரதத்தால் வருவது.

பூஞ்சையா, வெறும் பிளவா?

இதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஈரத்தாலும் அடியாலும் பிளந்த நகம் நிறம் மாறாமல் மெலிந்திருக்கும்; நுனியில் அடுக்கு பிரியும். பூஞ்சை பிடித்த நகம் பெரும்பாலும் ஓரத்திலோ நுனியிலோ மஞ்சள் அல்லது பழுப்பாகத் தொடங்கி உள்நோக்கிப் பரவும். தடிக்கும், அடியில் மாவுபோல் சேரும், நகம் சதையை விட்டுத் தூக்கும். கூடவே விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிய தோலும் அரிப்பும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். சேற்றுப்புண்ணை வருடாவருடம் ஆறவிடாமல் வைத்திருப்பவருக்கு, இடுக்கில் இருக்கும் பூஞ்சை நகத்துக்கு ஏறுவது சகஜம். கண்ணால் பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாது. நகத்துகளைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் முன் இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது

வேலை முடிந்ததும் காலைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். வாய்க்காலில் கழுவியதோடு நிறுத்தாமல் வீட்டுக் குழாயிலும் ஒரு முறை. சலவை சோப்பு வேண்டாம், குளியல் சோப்பு போதும். பிறகு விரல் இடுக்கு உட்படப் பழைய பருத்தித் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். நூறு பேருக்குச் சொன்னால் பத்துப் பேர் செய்வது இந்த ஒன்றைத்தான், ஆனால் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

இரவு படுக்கும் முன் காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்துத் துடைத்த உடனே, ஈரப்பசை போகும் முன், நகத்திலும் நகக்கண்ணிலும் எண்ணெய் தேய்க்க வேண்டும். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி எதுவானாலும் சரி. உறிஞ்சிய ஈரம் விருட்டென்று காயாமல் பிடித்து வைப்பதே இதன் வேலை. விலை உயர்ந்த கிரீம் தேவையில்லை. தேய்த்தபின் பழைய காலுறை போட்டுப் படுத்தால் பாயும் கெடாது, எண்ணெயும் நிற்கும். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் தேங்க விடாதீர்கள்; அங்கே காய்ந்திருக்க வேண்டும்.

நகத்தை வெட்டுவதற்குக் குளித்த பின், ஊறி மென்மையாக இருக்கும் நேரமே நல்லது. நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து உள்ளே தோண்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து நகச்சுத்தியில் முடியும். பிளந்த முனையைக் கையால் பிய்க்காமல், நகவெட்டியில் வெட்டி, அரத்தால் ஒரே திசையில் தேய்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அடுக்கு இன்னும் பிரியும். பிளவு ஆழமாகப் போயிருந்தால், அது வளர்ந்து நுனிக்கு வரும்வரை வேலைக்குப் போகும்போது பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம். ஈரமான பிளாஸ்திரியை வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். பூஞ்சை உள்ளவரின் நகவெட்டியை வீட்டில் மற்றவர் தொடக் கூடாது.

சேற்றில் இறங்கும் முன் விளக்கெண்ணெய் அல்லது பெட்ரோலியம் ஜெல்லியை நகத்தைச் சுற்றியும் விரல் இடுக்கிலும் கனமாகப் பூசினால் தண்ணீர் சற்றுக் குறைவாக இறங்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். "பூட்ஸ் போடுங்கள்" என்று எழுதுவது எளிது. தொழியில் பூட்ஸ் போட்டு நடவு நட்டவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆகவே நடவுக்குப் பூச்சு, மருந்து தெளிக்கவும் மாட்டுத்தொழுவத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் பூட்ஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூட்ஸைக் கழற்றியதும் கவிழ்த்து உலர்த்துங்கள்.

மருதாணியை என்ன செய்வது? நடவுக்குப் போகும் பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைப்பது தலைமுறை வழக்கம். மருதாணியில் உள்ள நிறப்பொருளுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. விரல் இடுக்கு லேசாக ஊறிய நிலையில் பச்சை இலையை அரைத்து வைப்பதில் தவறில்லை. நகத்துக்குள் ஆழமாகப் போன பூஞ்சையை அது தீர்க்காது. கடையில் விற்கும் கருப்பு மெஹந்தி வேண்டவே வேண்டாம், அதில் சேர்க்கும் முடிச்சாயம் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

தடவக் கூடாதவை

மண்ணெண்ணெய், பேட்டரி தண்ணீர், எருக்கம்பால், மஞ்சளோடு சுண்ணாம்பு. இவை சதையை வேக வைத்துவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குளம்பு அழுகலுக்கு மயில்துத்தக் கரைசலில் கால் நனைக்கிறோமே, நமக்கும் அதையே செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நம் தோல் குளம்பு அல்ல, புண்ணாகிவிடும். நெல்லுக்கு வாங்கிய பூஞ்சாணக்கொல்லியை மீதியிருக்கிறது என்று காலில் பூசுவதும் அதே ரகம். பயிருக்குப் பரிந்துரைத்தது பயிருக்கு மட்டுமே.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளிலும் எச்சரிக்கை தேவை. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே செழித்து வளரும்.

நகப் பூஞ்சை உறுதியானால் மருத்துவர், நகத்தில் பூசும் மருந்தோ, டெர்பினஃபைன் போன்ற மாத்திரையோ தருவார். கால் நகத்துக்கு மாத்திரை வழக்கமாக மூன்று மாதம். ஈரல் நோய் உள்ளவர்கள், குடிப்பவர்கள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் முடிந்தும் நகம் அசிங்கமாகவே இருக்கிறதே என்று மனம் தளரக் கூடாது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளரும். கெட்ட நகம் முழுதும் போய்ப் புது நகம் வர 12 முதல் 18 மாதம் ஆகும். அடியில் தெளிவான நகம் முளைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன வீட்டு வைத்தியத்தில் வெந்நீரைத் தவிர்த்துவிடுங்கள். கால் மரத்திருந்தால் சூடு தெரியாமல் வெந்துபோகும். பிளேடால் நகம் வெட்டக் கூடாது. கண் தெரியவில்லை என்றால் பிள்ளைகளை வெட்டச் சொல்லுங்கள். நகத்தடியில் சீழ், வீக்கம், காலில் மேலேறும் சிவப்பு எது வந்தாலும் அன்றே போக வேண்டும். பிளவு நகத்தோடு அடிக்கடி நகச்சுத்தி வருகிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்தமும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊருக்கு வரும் பணியாளரிடமும் கேட்கலாம்.

அடிபடாமலே ஒரே நகத்தில் கருப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை நகக்கண் தோலுக்கும் பரவினாலோ தாமதிக்காதீர்கள். அரிதாக அது தோல் புற்றுநோயாக இருக்கும். அடிபட்ட இரத்தக் கட்டு என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்துவிடும்.

வயல் வேலைக்குப் பின் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு வந்தால், "தண்ணீரில் இறங்கி வேலை செய்தேன், காலில் காயம் இருந்தது" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயல்வெளிப் பள்ளியில் பூச்சி எண்ணி முடித்த பிறகு, வரப்பில் உட்கார்ந்திருக்கும் நடவு ஆட்களின் கால்களையும் ஐந்து நிமிடம் பாருங்கள். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள். பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ, நினைவில்லை என்றாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளும் நாளைக் கேட்டுச் சொல்லுங்கள். நடவு தொடங்கும் முன்பே போட்டுவிட்டால் நல்லது. தொடங்கிவிட்டால் கூலியை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள்.