தவணை தரும் யமன்

யமதர்ம ராஜனுக்குத் தயை தாட்சண்யம் கிடையாது என்பது உலகப் பிரசித்தம். ஓலை வந்துவிட்டால் அவன் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டான். ஆனால் ஒரு வியாதியின் விஷயத்தில் மட்டும் தன் வழக்கத்துக்கு முற்றிலும் விரோதமாக நடந்து கொள்கிறான். ஓலையை இன்றைக்குக் கொடுக்கிறான். ஆளைக் கொண்டு போவதற்கு ஒரு மாதம், இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் தவணை தருகிறான். அந்தத் தவணைக்குள் நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால், ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகிறான். செய்யத் தவறினோமானால், அப்புறம் எந்த ஊர் வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அந்த வியாதிதான் வெறிநாய்க்கடியினால் உண்டாகும் ரேபீஸ். உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இதனால் மாண்டு போவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நம் பாரத தேசத்தவர் என்பதை நினைத்தால் மனம் குன்றிப் போகிறது. மருந்து இல்லாத வியாதியானால் விதி என்று சொல்லி ஆறுதல் அடையலாம். இதற்கோ மருந்து இருக்கிறது. அதை நம் தேசத்திலேயே தயாரிக்கிறோம். ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காசு வாங்காமல் போடுகிறார்கள். இருந்தும் சாகிறோம் என்றால், நம்மைக் கொல்வது நாயா, நம் அலட்சியமா?

பகைவன் வரும் பாதை

வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு விஷம் என்பது பொருள். இந்த நுண்ணிய பகைவர்கள் தாமாக வாழவோ பெருகவோ வல்லமை அற்றவர்கள். ஓர் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் சரக்குகளைக் கொண்டே தம்மைப் பெருக்கிக் கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாசல் உண்டு. தட்டம்மையும் இன்புளுவென்ஸாவும் காற்றின் வழியாக வருகின்றன. இளம்பிள்ளை வாதம் அசுத்தமான கையினாலும் ஜலத்தினாலும் பரவுகிறது. டெங்கு ஜுரத்துக்குக் கொசு வாகனம். ரேபீஸ் வைரஸுக்கு வாகனம் வெறி பிடித்த பிராணியின் உமிழ்நீர். நம் நாட்டில் அந்தப் பிராணி பெரும்பாலும் நாய்தான். பூனை, குரங்கு, கீரி முதலியவற்றின் கடியையும் அலட்சியம் செய்யலாகாது.

இந்த வைரஸ் துப்பாக்கிக் குண்டின் உருவம் உடையது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம். உருவத்தில்தான் குண்டே தவிர, வேகத்தில் மாட்டு வண்டிக்கும் பிந்தியது. கடிபட்ட இடத்துத் தசையில் முதலில் சில நாள் தங்குகிறது. பிறகு அங்கேயுள்ள நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, அந்த நரம்பு வழியாகவே மெள்ள மெள்ள முதுகுத் தண்டையும் மூளையையும் நோக்கிப் பிரயாணம் செய்கிறது. ஒரு நாளில் அது கடக்கும் தூரம் சில விரற்கடைதான். காலில் கடிபட்டால் பாதை நீளம். முகத்திலோ கழுத்திலோ கடிபட்டால் பாதை குறைவு. யமன் தரும் தவணையின் ரகசியம் இதுதான்.

மூளையை அடைந்த பின் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு, ஜுரம், காரணமற்ற பயம், பின்னர் தொண்டைத் தசைகளின் இசிவு எல்லாம் தொடர்கின்றன. தாகம் நாவை வறட்டும். ஜலத்தைக் கண்டால் உடம்பெல்லாம் நடுங்கும். சிலருக்கு விசிறிக் காற்றுப் பட்டாலும் அதே இசிவு உண்டாகும். வேறு சிலருக்கு இந்த ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லாமல் கைகால் விளங்காமல் போகும். குறிகள் தோன்றிய பிறகு பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சுசுருதரிலிருந்து பாஸ்டர் வரை

இந்தக் கொடுமையை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். வெறிநாய் கடித்தவன் ஜலத்தைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் அவன் பிழைப்பதில்லை என்பதைச் சுசுருத சம்ஹிதை கூறியிருக்கிறது. வியாதியைக் கண்டறிந்தார்கள், தடுக்கும் வழி மட்டும் அகப்படவில்லை. அந்த வழி 1885-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் பிறந்தது.

அவ்வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி, அல்சேஸ் பிரதேசத்திலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை லூயி பாஸ்டரிடம் அழைத்து வந்தாள். ஜோஸப் மைஸ்டர் என்ற அந்தச் சிறுவனின் உடம்பில், இரண்டு நாளைக்கு முன் வெறிநாய் கடித்த காயங்கள் பதினான்கு இருந்தன. பாஸ்டர் ரசாயன சாஸ்திரி. வைத்தியப் பட்டம் பெற்றவர் அல்லர். வெறி கொண்ட முயலின் முதுகுத் தண்டை உலர வைத்தால் விஷத்தின் வீரியம் குறைகிறது என்பதை அவர் கண்டிருந்தார். நாய்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்துப் பலனும் கண்டிருந்தார். மனிதனுக்குச் செலுத்துவது வேறு விஷயம் அல்லவா? பையன் பிழைக்காவிட்டால் பழி அவர் தலையில்தான் விழும். செலுத்தாவிட்டாலோ பையன் பிழைப்பது அரிது. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, கிரான்ஷே என்ற வைத்தியரைக் கொண்டு, நாளுக்கு நாள் வீரியம் கூடிய மருந்தாகப் பதின்மூன்று ஊசிகள் போடுவித்தார். பையன் பிழைத்தான். பிற்காலத்தில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலேயே வாயில் காப்போனாக இருந்து, 1940-ல் காலமானான்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. தாம் வென்ற பகைவனைப் பாஸ்டர் கண்ணால் கண்டதே இல்லை. அவர் காலத்துப் பூதக்கண்ணாடிக்கு அது புலப்படவில்லை. ஆனால் அதன் நடையின் வேகத்தை அவர் சரியாகக் கணித்துவிட்டார். வைரஸ் மூளையைச் சென்று சேர்வதற்கு முன்னால், உடம்பில் அதை எதிர்க்கும் சக்தியைத் தயார் செய்துவிடலாம் என்பதே அவர் கண்ட உண்மை. மற்றத் தொற்று வியாதிகளுக்கெல்லாம் பெரும்பாலும் நோய் நம்மை அணுகுமுன்பே தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு மட்டும், பகைவன் கோட்டைக்குள் நுழைந்த பிறகும் படை திரட்ட அவகாசம் கிடைக்கிறது.

நம் நாட்டில் முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல் ஹிமாசலத்துக் கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டவருக்காக 1907-ல் நீலகிரியில் உள்ள குன்னூரில் மற்றொன்று திறக்கப்பட்டது. 1911-ல் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் என்பவர், ஆட்டு மூளையிலிருந்து உயிர் நீக்கப்பட்ட மருந்து ஒன்றைத் தயாரித்தார். அதைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்ததால், கடிபட்டவர்கள் மலை ஏறி வர வேண்டிய கஷ்டம் தீர்ந்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்றும் பாட்டிமார்கள் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அது அந்தப் பழைய மருந்துதான். அதனால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற தீங்குகளும் நேர்ந்தன. 2005-க்குள் நம் நாட்டில் அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். இப்பொழுது போடும் மருந்து உயிரணு வளர்ப்பில் தயாராவது. பழையதைவிட மிகவும் பத்திரமானது. போடும் இடமும் வயிறு அல்ல, மேற்கைதான். நாலைந்து முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் காரியம் முடிந்தது.

கல் வேண்டாம், சோப்பு போதும்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது பழமொழி. நாய் கடித்துவிட்ட பிறகு கல்லைத் தேடிப் பயனில்லை; சோப்பைத் தேடுங்கள்.

முதல் காரியம், காயத்தைக் குழாயடியிலோ, செம்பினால் மொண்டு மொண்டு ஊற்றியோ, ஓடும் ஜலத்தில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. சிறிது நனைத்துத் துடைத்துவிட்டால் போதாது; கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். ரேபீஸ் வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கைப் போக்குகிற சோப்பு, இந்த உறையையும் குலைத்து வைரஸை அழித்துவிடுகிறது. விலை உயர்ந்த மருந்துகளுக்கு முன்னால் உயிர் காக்கும் முதல் மருந்து, நம் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கும் சோப்புத் துண்டுதான்.

இரண்டாவது காரியம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவது. பல் பட்டு ரத்தம் கசிந்திருந்தாலும், ஏற்கெனவே உள்ள புண்ணையோ வாய், கண் முதலிய இடங்களையோ நாய் நக்கியிருந்தாலும், தடுப்பு ஊசி மட்டும் போதாது. அந்த ஊசியினால் நம் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரையில் காவல் வேண்டாமா? அதற்காக, முன்பே தயாரான எதிர்ப்புச் சக்தியைக் காயத்திலேயே செலுத்துகிறார்கள். இதற்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். நம்முடைய சைனியம் வந்து சேரும் வரையில் அண்டை ராஜ்யத்திலிருந்து கடன் வாங்கிய சைனியம் என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தம் வராத சிறு கீறலானால் கழுவுதலும் தடுப்பு ஊசியும் வேண்டும். காயமற்ற தோலை நாய் நக்கினால் கழுவிவிட்டால் போதும். எது எந்த வகை என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்; நாம் வீட்டில் தீர்மானிக்க வேண்டாம்.

மூன்றாவது காரியம், குறித்த நாட்களில் தவறாமல் போய் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்வது. முதல் ஊசி போட்டதும் காயம் ஆறிவிடும். காயம் ஆறியதும் ஞாபகமும் ஆறிவிடும். பாதியில் நிறுத்தியது, ஆற்றில் பாதி தூரம் பாலம் கட்டிய கதையாகும். கடித்து நாட்கள் கடந்துவிட்டன என்று சோர்ந்து உட்கார்ந்திருப்பவர்களும் உடனே போகலாம். தவணை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

செய்யத் தகாதவை

காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி, மண்ணெண்ணெய் எதையும் அப்ப வேண்டாம். அவை வைரஸைக் கொல்வதில்லை. புண்ணைக் கிளறி நரம்புக்கு வழிகாட்டுகின்றன. சூடு போடுவதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும் வைரஸுக்குத் தெரியாத பாஷைகள். காயத்தை இறுகக் கட்டுவதும், அவசரப்பட்டுத் தையல் போடச் சொல்வதும் கூடாது.

‘குட்டி நாய்தானே, பால் பல்தானே’ என்று சிலர் சொல்வார்கள். குட்டிக்கும் வெறி உண்டு. ‘நாய் சாதுவாகப் படுத்திருக்கிறதே’ என்பார்கள். வெறிநாய் எல்லாம் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதில்லை. வாய் தொங்கி, எச்சில் ஒழுக, மூலையில் சுருண்டு கிடப்பதும் உண்டு. கடித்த வீட்டு நாயைப் பத்து நாள் கவனித்து வருவது நல்லது. பத்து நாளும் அது சுகமாக இருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் விஷம் இல்லை என்று பொருள். மிச்ச ஊசிகளைப் பற்றி வைத்தியர் சொல்வார். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருப்பது பெரும் பிசகு.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தேகப்படத் தக்க பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். உயரம் குறைவாதலால் அவர்களுக்கு முகத்திலும் தலையிலும் கடி விழுகிறது. ஆகவே தவணையும் குறைவு. இதைவிட அபாயம் ஒன்று உண்டு. தெரு நாயோடு விளையாடாதே என்று அப்பா கண்டித்திருப்பார். கடிபட்ட பிள்ளை அடிக்குப் பயந்து, கீறலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் டம்ளரைத் தள்ளும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரியும். தாய்மார்களே, தந்தைமார்களே! ‘நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே வந்து சொல், உன்னை யாரும் திட்ட மாட்டோம்’ என்று இன்றைக்கே உங்கள் குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். சொன்ன வாக்கையும் காப்பாற்றுங்கள்.

வேரோடு களைவது

கடிபட்டவருக்கு ஊசி போடுவது ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது போன்றது. கூரையைச் செப்பனிட வேண்டுமானால் நாய்களுக்கு ஊசி போட வேண்டும். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு வருஷந்தோறும் தடுப்பு ஊசி போட்டு வந்தால், நோய் பரவும் சங்கிலி அறுந்து போகிறது. நாய்களைக் கொன்று குவிப்பதால் இது நடப்பதில்லை; காலியான தெருவுக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்து சேருகின்றன. மெக்ஸிகோ தேசம் நாய்களுக்கு இடைவிடாமல் ஊசி போட்டு, நாய்களால் வரும் ரேபீஸ் மரணத்தை ஒழித்த நாடு என்று 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய கோவாவே அதே முறையைக் கைக்கொண்டு, ரேபீஸைக் கட்டுப்படுத்திய மாநிலம் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது.

ஒரு காலத்தில் ஊர் ஊராக நம் மக்களை வாரிக்கொண்டு போன பெரியம்மை, 1975-க்குப் பிறகு நம் நாட்டில் யாரையும் தொடவில்லை. இளம்பிள்ளை வாதம் ஒழிந்தது என்ற சான்றை 2014-ல் பெற்றோம். இவ்விரண்டையும் சாதித்த தேசத்துக்கு இது அசாத்தியமான காரியம் அல்ல. நாய்களுக்கு ஊசி போடுவது நகரசபையின் கடமை. மருந்து கைவசம் வைத்திருப்பது ஆஸ்பத்திரியின் கடமை. வளர்க்கும் நாய்க்கு வருஷந்தோறும் ஊசி போடுவதும், கடிபட்ட அன்றே சோப்பையும் வைத்தியரையும் நாடுவதும் நம் கடமை.

யமன் தவணை தருகிறான் என்பதற்காக நாமும் அவனுக்குத் தவணை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.