மார்த்தாஸ் வின்யார்ட் சைகை மொழி

மார்த்தாஸ் வின்யார்ட் சைகை மொழி என்பது ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வழங்கி, 20ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்த ஒரு மொழி ஆகும். காது கேளாதோர் மட்டுமன்றி, காது கேட்போரும் இதனைச் சிறு வயதிலேயே கற்று அன்றாடம் பயன்படுத்தினர் என்பதே இதன் சிறப்பு.

தோற்றம்

இத்தீவில் குடியேறியோருள் பலர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த குடும்பங்களின் வழிவந்தோர். பிறவியிலேயே காது கேளாமைக்குக் காரணமான ஒடுங்கு மரபணு ஒன்று அவர்களிடம் இருந்தது. வெளியார் வரவு குறைந்த தீவில் உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடந்தமையால் அது தலைமுறைதோறும் வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர் காது கேளாதவராகப் பிறந்தபோது, இத்தீவில் அது 155 பேருக்கு ஒருவராகவும், சில்மார்க் என்னும் ஊரில் 25 பேருக்கு ஒருவராகவும் இருந்தது.

சமூக வாழ்வில்

மீனவர்கள் குரல் எட்டாத தொலைவில் இருந்த படகுகளுக்குச் சைகையால் செய்தி கூறினர். ஆசிரியர் காணாதபோது மாணவர்கள் சைகையில் உரையாடினர். காது கேளாதோர் அருகில் இல்லாத வேளைகளிலும் மக்கள் இம்மொழியைப் பயன்படுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. காது கேளாதோர் பிறரைப் போன்றே தொழில் செய்தனர். காது கேட்போரை மணந்தனர். ஊர்ப் பொறுப்புகளையும் ஏற்றனர். அரசின் செலவில் ஹார்ட்ஃபோர்டு பள்ளியில் (தொடக்கம் 1817) பயின்று திரும்பிய சிலரிடம், படிப்புக் குறைந்த அண்டை வீட்டார் தங்கள் ஆவணங்களைக் கொண்டுவந்து விளக்கம் கேட்டதும் உண்டு.

மானிடவியலாளர் நோரா எலன் குரோஸ் இத்தீவின் முதியவர்களிடம் தகவல் திரட்டி 1985இல் நூலாக வெளியிட்டார். அம்முதியவர்கள் தம் பழைய அண்டை வீட்டாரை முதலில் மீனவர், உழவர் என்றே நினைவுகூர்ந்தனர். காது கேளாமை கேட்டபின்னரே நினைவுக்கு வந்தது. தமிழில் 'ஊமை' என்ற ஒரே சொல்லால் ஒருவரின் பெயரையே மறைத்துவிடும் வழக்கத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெளியுலகின் போக்கு இதற்கு நேர்மாறாக இருந்தது. காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாடு 1880இல் பேச்சுவழிக் கல்வியே சிறந்தது எனத் தீர்மானித்து, சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. வாக்களித்தோருள் மிகப் பெரும்பாலானோர் காது கேட்போரே. பல நாடுகளில் சைகை செய்த குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு இத்தீர்மானங்களை நிராகரித்தது.

மறைவு

ஹார்ட்ஃபோர்டுக்குச் சென்ற தீவுப் பிள்ளைகளின் சைகைகள் அமெரிக்க சைகை மொழியின் உருவாக்கத்தில் பங்களித்தன. பின்னர் வெளியூர்த் திருமணங்கள் பெருகவே, பரம்பரைக் காது கேளாமை அருகியது. இம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட காது கேளாதோருள் கடைசியானவர் 1952இல் காலமானார். ஆயினும் அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் இத்தீவுக்குச் சென்ற மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ், காது கேட்கும் முதியவர்கள் சிலர் அரட்டையின் நடுவே திடீரெனச் சைகைக்கு மாறிச் சிரித்து, மீண்டும் பேச்சுக்குத் திரும்பியதைக் கண்டதாக 1989இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்.