மூச்சுப் பாதையும் புகைமூட்டமும்

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அடுத்த இரண்டு நாட்களில் ஜொகூரின் மூவார், லெடாங் வட்டாரங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகைமூட்டம் வரும்போதெல்லாம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டால் போதாதா?" இதற்கு விடை காண, காற்று நம் உடலுக்குள் செல்லும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூக்கிலிருந்து நுரையீரலுக்கு

மூக்கிலுள்ள முடிகள் பெரிய தூசுகளைத் தடுக்கின்றன. உள்தோல் காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. வாயால் மூச்சு விடுவோருக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. தொண்டையில் உணவும் காற்றும் ஒரே வழியில் வருகின்றன. நாம் விழுங்கும்போது குரல்வளை மூடி காற்றின் வழியை அடைத்துக்கொள்ளும். சாப்பிடும்போது பேசினால் புரையேறுவது இதனால்தான்.

அடுத்தது மூச்சுக்குழாய். சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழாய் இரண்டாகப் பிரிந்து, தலைகீழாக நிற்கும் மரத்தைப் போல மீண்டும் மீண்டும் கிளைவிடுகிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இடது நுரையீரலுக்கு இரண்டே மடல்கள்.

கிளைகளின் நுனியில் 30 கோடிக்கும் குறையாத நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். ஒரு மூவறை அடுக்குமாடி வீட்டின் அளவு அது! இங்குதான் பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. உள்ளே போகும் காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் பிராணவாயு, வெளிவரும்போது சுமார் 16 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது.

நுரையீரல் தானாக விரிவதில்லை. அதன் அடியிலுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழிறங்கும்போது மார்புக்கூடு விரிந்து காற்று உள்ளே வருகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் காற்றை இழுக்கிறார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர். அந்தக் காற்று அசுத்தமானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

புகை செய்யும் கேடு

மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளிப் படலமும், அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய இழைகளும் உள்ளன. சற்றுப் பெரிய துகள்கள் இதில் சிக்கி இருமலாக வெளியேறும். ஆனால் புகைமூட்டத்தில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளம். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இவை காற்றறை வரை சென்றுவிடும். சில இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் இதய நோயாளிகளும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறோம்.

கைக்குட்டை இத்துகள்களைத் தடுக்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால் நன்கு தடுக்கும். ஆனால் அதை அணிந்து மூச்சுவிடுவது சற்றுச் சிரமம். நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அணிவது நல்லது. அந்நாட்களில் சன்னல்களை மூடிவிட்டு, வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுவத்திப் புகையையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் புகை பட்டதும் சுருங்கி, வீங்கி, சளியால் அடைபடும். தடுப்பு மருந்தை, நலமாக இருக்கும் நாட்களிலும் மருத்துவர் சொன்னபடி விடாமல் எடுங்கள். நிவாரண மருந்தைக் கையோடு வைத்திருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணை உடனே அழையுங்கள்.

சிகரெட் புகையோ அந்தத் துப்புரவு இழைகளையே செயலிழக்கச் செய்கிறது. புகைப்பவர் காலையில் இருமி இருமிச் சளியைத் துப்புவது இதன் விளைவே. பழக்கத்தை விட்டால் இழைகள் மெல்ல மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். எங்கோ எரியும் காட்டுத் தீயை நம்மால் அணைக்க முடியாது. விரலிடுக்கில் எரிவதை அணைக்கலாம் அல்லவா?