மூடிய ஓடையும் திறந்த வானமும்

வீட்டிற்கு முகம் வாயில். நகருக்கு முகம் வீதி. வெளியூரிலிருந்து வருவோர் ஒரு நகரைப் பற்றிக் கொள்ளும் முதல் எண்ணம், அதன் வீதிகளைக் கண்ட அளவிலேயே பிறக்கின்றது. வீதி வண்டிகள் செல்லும் வழி மட்டும் அன்று; மக்கள் நடப்பதற்கும் நிற்பதற்கும், வாங்குவதற்கும் விற்பதற்கும், ஒருவரை ஒருவர் கண்டு மகிழ்வதற்கும் உரிய பொதுவிடம் ஆகும். ஆதலின், நகரின் நடுவே சாலையை மாற்றியமைப்போர் எத்தனை வண்டிகள் விரைந்து செல்லும் என்று கணக்கிடுவதோடு அமைதல் கூடாது. வீதியின் தோற்றம் எவ்வாறு ஆகும், அங்கு வாழ்வோர் நிலை யாதாகும் என்பனவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்கொரிய நாட்டின் தலைநகராகிய சியோல் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக விளங்குகின்றது.

சியோல் நகரின் நடுவே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் ஓடை உண்டு. முன்னாளில் அது மழைக்காலத்தில் கரை புரண்டது. மற்றக் காலத்தில் வறண்டு கிடந்தது. 1412-ஆம் ஆண்டில் தேசோங் மன்னர் அதனை அகழ்ந்து கரை கட்டுவித்தார். 1760-இல் யோங்சோ மன்னர் பெருந்திரளான மக்களைக் கொண்டு தூர் வாரச் செய்தார். பிற்காலத்தில் இவ்வோடைக்குச் ‘சொங்கேசொன்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. தெளிந்த நீரோடை என்பது அதன் பொருள்.

ஆனால், பெயருக்கு ஏற்ற தெளிவு நிலைக்கவில்லை. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரினால் வீடிழந்தோர் பலர் இதன் கரையில் குடிசை கட்டி வாழ்ந்தனர். கழிவு நீர் பெருகியது; துர்நாற்றம் வீசியது. அதனால், 1958-இல் ஓடையைக் கற்காரையால் மூடி அதன்மேல் சாலை அமைக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அச்சாலைக்கும் மேலே, தூண்கள் தாங்கும் 16 மீட்டர் அகலமுள்ள மேம்பாலச் சாலை எழுந்தது. அக்காலத்தில் மக்கள் அதனை நாட்டு முன்னேற்றத்தின் அடையாளமாகவே போற்றினர்.

மேலே வண்டிகள் விரைந்தன. கீழே வீதி இருண்டது. பகலிலும் நிழல் படிந்தது. கடைகளின் மாடிச் சாளரங்களைத் திறந்தால் வானத்திற்கு மாறாகக் கற்காரைச் சுவரே தோன்றியது. புகையும் இரைச்சலும் பாலத்தின் அடியில் தங்கின. மேலே சென்றவர்க்கோ கீழேயிருந்த கடைத்தெரு கண்ணிற்படவில்லை. இவ்வாறு, நகரை இணைக்க எழுந்த பாலம், அதன் நடுவே ஒரு தடையாகவும் நின்றது. நாளடைவில் பாலம் பழுதுற்றது. பெரும் பொருள் செலவிட்டுச் செப்பனிடுவதா, அன்றி அகற்றுவதா என்னும் வினா எழுந்தது.

ஓடையை மீட்பதாக உறுதி கூறி 2002-இல் மேயரான லீ மியுங் பாக், பாலத்தை அகற்றும் பணியை 2003 ஜூலையில் தொடங்கினார். நகரப் போக்குவரத்து நிலைகுலையும் என்று பலர் அஞ்சினர். ஆனால், 2004-இல் பேருந்துகளுக்கெனச் சாலை நடுவே தனி வழிகள் அமைக்கப்பட்டன. மக்கள் பலர் பேருந்தையும் சுரங்க இரயிலையும் நாடினர். அஞ்சிய அளவு நெரிசல் நேரவில்லை. 2005 அக்டோபர் முதல் நாளன்று, 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடை மக்களுக்குத் திறக்கப்பட்டது.

மூடியிருந்த வானம் தெரிந்தது. ஓடையின் இருமருங்கும் நடைபாதைகள் அமைந்தன. நாணலும் செடிகொடிகளும் தழைத்தன. ஓடையின் மேல் 22 பாலங்கள் இரு கரைகளையும் இணைத்தன. கோடையில் அவ்விடம் அருகிலுள்ள சாலைகளைவிடக் குளிர்ச்சியாக இருப்பது அளந்து அறியப்பட்டது. மீன்களும் பறவைகளும் மீண்டன.

எனினும், இம்மாற்றம் குறையற்றது அன்று. ஓடையில் ஓடுவது பெரும்பாலும் இயற்கை நீர் அன்று. ஹான் ஆற்றிலிருந்து பொறிகளால் இறைத்து விடப்படும் நீரே ஆகும். அன்றியும், அங்கே நெடுங்காலம் வணிகம் செய்த தெருக்கடைக்காரர் பலர் இடம்பெயர நேர்ந்தது. கடைக்காரர்க்கென நகரின் தென்கிழக்கே புதிய வளாகம் எழுந்தது. ஆயினும் விலை மிகுதியால் பலரால் அங்குச் செல்ல இயலவில்லை. அழகு பெற்ற வீதியில் அதனை நம்பி வாழ்ந்தோர் அனைவர்க்கும் இடம் கிடைக்கவில்லை என்பதும் மறைக்கத் தகாத உண்மையாகும்.

இடித்த மேம்பாலத்தின் தூண்கள் மூன்றினை அங்கேயே விட்டுவைத்துள்ளனர். நீரின் நடுவே நிற்கும் அத்தூண்கள் இரு காலத்தையும் ஒருங்கே காட்டுகின்றன. பாலம் கட்டியவரும் நகரின் நன்மையையே கருதினர். இடித்தவரும் அதனையே கருதினர். விரைவு ஒன்றே நன்மை எனக் கொண்டபோது ஒளியும் காற்றும் மறைந்தன. அழகை மீட்டபோது எளியவர் சிலர் வாழ்விடம் இழந்தனர். செல்வோர், நடப்போர், காண்போர், அங்கே வாழ்வோர் ஆகிய அனைவரையும் மனத்திற்கொண்டு அமைக்கும் வீதியே நல்ல வீதியாகும்.