ஒரே கிருமி, ஐம்பத்தைந்து பிள்ளைகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பரம்பரை நோய். நுரையீரலில் சளி பசைபோல் கெட்டிப்படும். அதில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா குடியேறினால் விரட்டுவது கடினம். மண்ணிலும் ஈரமான இடங்களிலும் வாழும் கிருமி இது. அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் அது தனித்தனியாகச் சுற்றுப்புறத்திலிருந்தே தொற்றுகிறது என மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை இங்கிலாந்தின் லிவர்பூல் உடைத்தது. அங்கே சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 65 பேரிடம், செஃப்டாசிடிம் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. அவர்களில் 55 பேரிடம் இருந்தது ஒரே வகை என்று 1996இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கிருமியின் டி.என்.ஏ.வை ஒரு நொதி குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடங்களில் மட்டும் நறுக்கும். துண்டுகளை ஜெல்லில் வைத்து, திசையை மாற்றி மாற்றி மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறியவை முந்தி ஓடும், பெரியவை பின்தங்கும். கடைப் பொருள்மேல் இருக்கும் பார்கோடு போலக் கோடுகள் தெரியும். இரண்டு நோயாளிகளின் கோடுகள் ஒத்துப்போனால், அவை ஒரே வம்சத்துக் கிருமிகள் என்ற சந்தேகம் வலுக்கும். (யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கோடுகள் மட்டும் சொல்லிவிடாது.)

இன்று முழு மரபணுத்தொகுதியையே, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளையும், படித்துவிடுகிறார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

விளைவு கொஞ்சம் கொடுமையானது. கிருமி ஒரு நோயாளியிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடும் என்பதால், ஒருவர் வலியை மற்றவர் அறிந்த இந்த நோயாளிகள் ஒரே அறையில் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்கான கோடை முகாம்களும் நின்றுபோயின.